ஆங்கிலக் கால்வாயில் பேய்க்கணவாய்ப் பெருக்கம்

பேய்க்கணவாய் எனப்படும் ஆக்டோபஸ், இங்கிலாந்தின் தென்கரையில் பொதுவாக அரிதாகவே காணப்படுகிறது. ஆனால் 1899–1900, 1950, 2025 ஆகிய காலங்களில் அங்கு அது திடீரெனப் பெருகி, நண்டும் சிங்கி இறாலும் பிடிக்கும் மீனவர்களின் பிழைப்பைப் பாதித்தது. ஆக்டோபஸ் வல்காரிஸ் என்னும் இவ்வினம் வெதுவெதுப்பான கடல்களுக்கு உரியது. ஆங்கிலக் கால்வாய் அதன் பரவலின் வட எல்லையை ஒட்டி அமைந்துள்ளது.

வாழ்க்கைப் பருவங்களும் சூழலும்

பெண் பேய்க்கணவாய் பாறை இடுக்கில் இலட்சக்கணக்கான முட்டைகளை இடும். இரை உண்ணாமல் அவற்றைக் காத்து, குஞ்சுகள் வெளிவந்த பின் இறந்துவிடும். முட்டை பொரியும் காலத்தை நீரின் வெப்பநிலை தீர்மானிக்கிறது. 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ ஒரு மாதம் போதும். 13 பாகையில் நான்கு மாதங்கள் வரை ஆகலாம். சில மில்லிமீட்டர் அளவே உள்ள குஞ்சுகள் பல வாரங்கள் மிதவையுயிரிகளாக வாழ்கின்றன. அப்போது அவை சென்றடையும் இடத்தை நீரோட்டமே பெரிதும் முடிவு செய்கிறது. பின்னர் அவை கடலடியில் தங்குகின்றன. அந்நிலையில் ஒளிந்துகொள்ளப் பாறை இடுக்குகளும், இரையாக நண்டுகளும், கடுங்குளிரற்ற நீரும் தேவைப்படுகின்றன. ஆயுட்காலம் ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுகளே என்பதால், ஓரிரு பருவங்களின் நன்மை தீமைகள் அவற்றின் எண்ணிக்கையில் விரைவில் வெளிப்படுகின்றன.

வரலாறு

1899-இல் டெவன், கார்ன்வால் கரைகளில் நண்டுக் கூடுகளுக்குள் புகுந்த பேய்க்கணவாய்கள், சிக்கியிருந்த நண்டுகளையும் சிங்கி இறால்களையும் தின்று, வெற்று ஓடுகளை விட்டுச் சென்றன. பிளைமவுத் கடல் உயிரியல் சங்கத்தைச் சேர்ந்த வால்டர் கார்ஸ்டாங் இதை ஆராய்ந்து 1900-இல் கட்டுரை வெளியிட்டார். அதற்கு முந்தைய வெப்பமான கோடைகளையும் மிதமான குளிர்காலங்களையும் அவர் இப்பெருக்கத்துடன் தொடர்புபடுத்தினார்.

1950-ஆம் ஆண்டுப் பெருக்கத்தை ரீஸ், லம்பி ஆகியோர் ஆராய்ந்து 1954-இல் விளக்கம் அளித்தனர். பிரான்சின் பிரித்தானிக் கரைப் பகுதியில் பொரித்த குஞ்சுகள் கால்வாயைக் கடந்து மிதந்து வந்திருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. கார்ஸ்டாங் வெப்பநிலையை முன்வைத்தார். இவர்கள் அதனுடன் நீரோட்டத்தின் பங்கையும் சேர்த்தனர்.

1962–63-இன் கடுங்குளிர் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அதுவரை பேய்க்கணவாய் பிடிபட்டுவந்த கால்வாய்த் தீவுகளின் கடற்பகுதியில் அதன்பின் அது மிக அரிதாயிற்று.

2025-இல் கடல்நீர் வழக்கத்தைவிட வெப்பமாக இருந்த நிலையில், டெவன், கார்ன்வால் கரைகளில் மீண்டும் பெரும் பெருக்கம் ஏற்பட்டது. நண்டு மீனவர்கள் இழப்பைச் சந்தித்தனர். வேறு சிலருக்குப் பேய்க்கணவாயே நல்ல வருவாய் தந்தது.

முக்கியத்துவம்

கூட்டில் அகப்படும் பெரிய பேய்க்கணவாய், முந்தைய பருவங்களின் விளைவாகும். முட்டைக் காலத்து வெப்பம், குஞ்சுப் பருவத்து நீரோட்டம், கடந்துவந்த குளிர்காலம் ஆகிய மூன்றும் சாதகமாக அமைந்தால்தான் இத்தகைய பெருக்கம் நிகழும். எனவே, பிடிபடும் அளவை மட்டும் கணக்கிட்டு அடுத்த ஆண்டின் நிலையைக் கூற இயலாது. கால்வாயின் நீர் வெப்பமடைந்துவரும் இக்காலத்தில், நண்டுத் தொழிலை நம்பிய துறைமுகங்களுக்கு இம்மூன்றையும் சேர்த்துக் கண்காணிப்பது அவசியமாகிறது.