மேசைக்கடியில் விழும் துணுக்குகள்: ஆங்கிலிக்கன் நற்கருணை மன்றாட்டின் பொருள்



எங்கள் பங்கில் ஒரு சகோதரி இருக்கிறார். தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) பிறந்து வளர்ந்து, முறையான அனுமதியோடு கத்தோலிக்கக் குடும்பத்திற்கு மருமகளாக வந்தவர். ஞாயிறு தவறாமல் கணவரோடும் மகனோடும் திருப்பலிக்கு வருவார். நற்கருணை வழங்கும் நேரத்தில் மட்டும் தம் இடத்திலேயே முழந்தாளிட்டு இருந்துவிடுவார். ஒருநாள் திருப்பலி முடிந்து என்னிடம் கேட்டார்: "ஏனுங்க ஃபாதர், எங்க சபையில நற்கருணை வாங்கறதுக்கு முன்னாடி எல்லாருமா மண்டிபோட்டு ஒரு ஜெபம் சொல்லுவமுங்க. மேசைக்கடியில விழற துணுக்கப் பொறுக்கக்கூட எங்களுக்குத் தகுதியில்லீங்கன்னு வரும். உங்க பூசையில அதக் காணோமுங்களே?"

அப்போது ஏதோ ஒரு பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். குருமடத்தில் படித்தது பாதி மறந்திருந்தது. பிறகு எடுத்து வாசித்தபோதுதான், இது அவர்களுடைய செபம் என்று ஒதுக்கி வைக்கக்கூடியதல்ல என்பது புரிந்தது.

இந்த மன்றாட்டை எழுதியவர் தாமஸ் கிரான்மர். கான்டர்பரி பேராயராக இருந்து, இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டை ஆங்கிலத்தில் அமைத்தவர். 1548ஆம் ஆண்டு இலத்தீன் திருப்பலியின் நடுவே, மக்கள் நற்கருணை பெறுவதற்குத் தங்களை ஆயத்தம் செய்ய ஆங்கிலத்தில் ஒரு சிறு ஒழுங்குமுறை சேர்க்கப்பட்டது. அதில்தான் இது முதலில் வந்தது. குரு தாம் உட்கொண்ட பின், மக்களுக்கு வழங்குவதற்கு முன், நற்கருணை பெறப்போகும் அனைவரின் பெயராலும் முழந்தாளிட்டு இதைச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு வெளியான பொது மன்றாட்டு நூலிலும் இது இடம்பெற்றது.

சொல்லப்படுவது சுருக்கமானதுதான். எங்கள் நேர்மையை நம்பி நாங்கள் இந்தப் பந்திக்கு வரத் துணியவில்லை, உமது பேரிரக்கத்தை நம்பியே வருகிறோம் என்று தொடங்குகிறது. இது இறைவாக்கினர் தானியேலின் மன்றாட்டு (தானி 9:18). துணுக்குகளுக்கும் தகுதியில்லை என்பது கனானியப் பெண்ணின் நிகழ்ச்சியிலிருந்து வருவது (மத் 15:21-28). அதன்பின் ஒரு திருப்பம்: ஆனாலும் இரக்கம் காட்டுவதே உமது இயல்பாயிற்றே! இறுதியில், உம் திருமகனின் உடலை உண்டு இரத்தத்தைப் பருகி, நாங்கள் அவரிலும் அவர் எங்களிலும் நிலைத்திருக்க அருளும் என்ற வேண்டுதல். இது யோவான் நற்செய்தி 6:56.

இந்த நான்கில் எதுவும் கத்தோலிக்கச் செவிக்குப் புதிதல்ல. இரங்குவது இறைவனின் இயல்பு என்ற சொல்லாட்சி நம் பழைய இலத்தீன் மன்றாட்டு ஒன்றில் இருந்தது. கிரான்மர் சிறு வயது முதலே அதைக் கேட்டிருப்பார். அவருடைய செபத்தில், கிறிஸ்துவின் உடலால் எங்கள் உடலும் இரத்தத்தால் எங்கள் ஆன்மாவும் தூய்மையாகட்டும் என்றொரு பகுதியும் உண்டு. உடலுக்கு உடல், ஆன்மாவுக்கு இரத்தம் என்று இப்படிப் பிரித்துப் பார்க்கும் வழக்கத்தைப் புனித தோமா அக்குவினாவிடமே காணலாம். பிற்காலத்தில் சிலருக்கு இந்தப் பிரிப்பு பொருத்தமாகப் படவில்லை. 1979ஆம் ஆண்டு அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபை வெளியிட்ட மன்றாட்டு நூலில் அந்தப் பகுதி விடப்பட்டது.

நாம் நற்கருணைக்கு முன் சொல்வது நூற்றுவர் தலைவரின் சொற்கள் (மத் 8:8). அவர் உரோமைப் படை அதிகாரி, பிற இனத்தவர். கனானியப் பெண்ணும் பிற இனத்தவர். நம்பிக்கைக்காக இயேசுவால் வியந்து பாராட்டப்பட்ட இரண்டு வெளியாட்களில் ஒருவரை உரோமை வழிபாடு எடுத்துக்கொண்டது, மற்றவரைக் கிரான்மர் எடுத்துக்கொண்டார். அதிகாரி தம் வீட்டிற்கு ஆண்டவர் வரத் தகுதியில்லை என்கிறார். வந்து நிற்க அந்தப் பெண்ணுக்கு வீடே சொல்லப்படவில்லை. அவர் அடுத்தவர் வீட்டு மேசைக்கடியைப் பார்த்துப் பேசுகிறார்.

செபத்தின் சொற்களைவிட, அது வழிபாட்டில் எந்த இடத்தில் வருகிறது என்பதில்தான் சர்ச்சை எழுந்தது. 1549 நூலில் இது அப்ப இரச அர்ச்சிப்புக்குப் பின் வந்தது. வின்செஸ்டர் ஆயர் ஸ்டீபன் கார்டினர் அதைச் சுட்டிக்காட்டி, "பாருங்கள், பீடத்தில் கிறிஸ்து இருக்கிறார் என்பதால்தானே முழந்தாளிட்டு வணங்குகிறீர்கள்?" என்ற பொருளில் வாதிட்டார். நல்ல வாதம்தான். கிரான்மருக்கு அந்தப் பொருள் ஏற்புடையதாக இல்லை. எனவே 1552 நூலில் இந்தச் செபம் அர்ச்சிப்புக்கு முன்னால் நகர்த்தப்பட்டது. 1662 நூலிலும் அங்கேயே நின்றது. சொற்கள் அப்படியே இருக்க, இடம் மாறியதும் பொருள் மாறியது: வந்துவிட்ட ஆண்டவர் முன் விழுந்து வணங்குவதாக இருந்தது, வரப்போகும் விருந்துக்கான ஆயத்தமாக ஆயிற்று.

இனி நம் ஊருக்கு வருவோம். கோவையில் ரேஸ் கோர்ஸ் பகுதியிலுள்ள ஆல் சோல்ஸ் ஆலயம் ஆங்கிலேயர் காலத்து ஆங்கிலிக்கன் ஆலயம். பழைய மன்றாட்டு நூல் அங்கே வழக்கில் இருந்தது. ஆனால் அவினாசி சாலை இம்மானுவேல் ஆலயத்தைப் போன்ற தமிழ்ச் சபைகளின் வேர் வேறு. 1830இல் கோவையில் பணி தொடங்கிய இலண்டன் மிஷனரி சங்கத்தின் வழி வந்தவை அவை. அந்த மரபில் எழுதி வைத்த செபங்களுக்கு அவ்வளவு இடமில்லை. போதகர் உள்ளத்திலிருந்து செபிப்பார், சபை கேட்டிருக்கும்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. இத்தனை மரபினரும் ஒன்றாக எப்படி நற்கருணை கொண்டாடுவது? இதற்கு விடையாக 1950இல் ஒரு புதிய வழிபாட்டு ஒழுங்கு வந்தது. நடத்துபவர் மக்களை நோக்கி நின்றார். மலபார் சிரியன் மரபிலிருந்து எடுத்த சமாதான வாழ்த்து கைகளால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சென்றது. நம் திருப்பலியில் இத்தகைய மாற்றங்கள் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்திற்குப் பின்தான் வந்தன என்பதைத் தயங்காமல் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒழுங்கில் கிரான்மரின் மன்றாட்டும் உண்டு. அது அர்ச்சிப்புக்குப் பின்னே, 1549இல் இருந்த பக்கத்திற்கே திரும்பியிருந்தது. அதை இப்போது நடத்துபவர் மட்டும் சொல்வதில்லை. மக்கள் அனைவரும் சேர்ந்து சொல்கிறார்கள்.

அதே 1950இல்தான் கோவை சி.எஸ்.ஐ. மறைமாவட்டம் அமைந்தது. அதன் முதல் பேராயர் ஏ.ஜே. அப்பாசாமி. (பெயர்களில் நம் மக்கள் குழம்புவதுண்டு. நமக்கு ஆயர் என்றால் பிஷப். அவர்களுக்கு ஆயர் என்றால் சபைக் குரு, பிஷப்பைத்தான் பேராயர் என்பார்கள்.) கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்க யோவான் நற்செய்தியை எடுத்துக்கொண்டு 1927இல் நூல் எழுதியவர் அவர். அவர் நம்மிலும் நாம் அவரிலுமாக நிலைத்திருத்தல் என்ற யோவானின் சொல்லில் முடியும் இந்த மன்றாட்டு தமிழ்ப் பக்தி மரபிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அடியேன், நாயேன் என்று இறைவன் முன் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் அடியாரின் குரல் நாம் அறிந்ததுதானே!

இதையெல்லாம் ஒரு கிளைப்பங்கில் மறையுரையில் மகிழ்ச்சியோடு எடுத்துச் சொன்னேன். திருப்பலி முடிந்ததும் ஒரு பெரியவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு அருகில் வந்தார். "சாமி, கல்யாணப் பந்தி முடிஞ்சு எலை எடுத்துப் போடற எடத்துல நின்னவங்க நாங்க. நாய்ங்கறதும் துணுக்குங்கறதும் எங்களுக்குப் புதுசில்லீங்க. கோயிலுக்கு வந்தும் அதையே சொல்லோணுமுங்களா?"

என்னிடம் பதில் இல்லை. கொங்கு மண்ணில் பங்குப்பணி செய்யும் எவரும் தாண்டிப் போக முடியாத கேள்வி இது. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்களில், 'நான் தகுதியற்றவன்' என்ற சொல் எல்லார் வாயிலும் ஒரே பொருள் தருவதில்லை. தானாக முன்வந்து நாயேன் என்பவருக்கு அது தாழ்ச்சி. பிறர் அப்படி அழைத்து வளர்ந்தவருக்கு அது காயம்.

வரலாறும் அவருடைய பக்கமே பேசுகிறது. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே கைவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். தனித்தனி இருக்கையும், நற்கருணைக்குத் தனித்தனி முறையும் கூடாது என்றார். தஞ்சாவூரில் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். துணுக்குக்கும் தகுதியில்லை என்று செபித்தவர்களில் சிலரால், அடுத்தவர் வாய் வைத்த கிண்ணத்தில் பருக முடியவில்லை.

நாம் மட்டும் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்காக எழுப்பிய தடுப்பு 1910இல்தான் அகற்றப்பட்டது. நம் கோவை மறைமாவட்டத்தின் தொடக்க காலத்திலேயே இந்தக் காயம் உண்டு. மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் ஆண்டகை 1846இல் நம் கருமத்தம்பட்டியில் ஆயராக அருட்பொழிவு பெற்றார். கோவையின் முதல் திருத்தூதுப் பதிலாளாக இருந்தார். சாதிப் பழக்கங்களுக்கு மறைப்பணியில் அளித்துவந்த சலுகைகள் அவர் மனச்சான்றை உறுத்தின. அந்தப் போராட்டத்தினாலேயே பொறுப்பிலிருந்து விலகினார். 1855இல் அவருடைய விலகல் ஏற்கப்பட்டது. பின்னர் ஆப்பிரிக்க மறைப்பணிச் சங்கத்தைத் தொடங்கி, 1859இல் ஃப்ரீடவுன் நகரில் மஞ்சள் காய்ச்சலில் உயிர் நீத்தார்.

அந்தப் பெரியவருக்கு அடுத்த மாதம்தான் பதில் சொன்னேன். அந்தச் செபத்தில் 'நான்' இல்லை, 'நாங்கள்' என்றே வருகிறது. தோட்டத்துக்காரரும் பண்ணையத்து ஆளும் பக்கத்துப் பக்கத்தில் மண்டியிட்டு, நாங்கள் யாருமே தகுதியானவர்கள் இல்லை என்று ஒரே வாயாகச் சொன்னால், அதுவரை ஊரில் தகுதி என்று எண்ணி வந்தது அங்கே செல்லாது. பிறகு அவர்கள் கையில் விழுவது துணுக்கு அல்ல. ஆண்டவரின் உடல் முழுவதுமாகத் தரப்படுகிறது. அப்படி ஒரே வரிசையில் மண்டியிடாமல் ஒரு சாரார் மட்டும் சொன்னால், அதைச் சொல்லாமல் இருப்பதே மேல். பெரியவர் கேட்டுக்கொண்டார். "பாக்கலாமுங்க சாமி" என்று மட்டும் சொன்னார்.

கனானியப் பெண்ணையும் இங்கே நினைக்க வேண்டும். அவர் துணுக்கோடு மனநிறைவடைந்து திரும்பியவர் அல்லர். மகளுக்கு நலம் கேட்டு வந்தார். ஆண்டவரையே மடக்கிப் பேசி, கேட்டதைப் பெற்றுக்கொண்டுதான் போனார்.

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். அவர் ஏன் எழுந்து வர முடியாது என்பதைச் சொல்வது எனக்கு எளிதாக இருந்ததில்லை. ஆங்கிலிக்கன் திருநிலைப்பாடுகள் செல்லாதவை என்று 1896இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் அறிவித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டில், திருநிலைப்பாட்டின் குறையால் பிரிந்த சபைகளில் நற்கருணை மறைபொருளின் முழுமை காக்கப்படவில்லை என்று சொல்லியது. அவர்கள் ஆண்டவருடைய இறப்பையும் உயிர்ப்பையும் நினைவுகூரும் திருவிருந்து கிறிஸ்துவோடு வாழும் ஒன்றிப்பைக் குறிப்பதாக அவர்கள் அறிக்கையிடுவதையும் மதித்துக் கூறியது. 1971இல் இரு தரப்பு இறையியலாளர்களும் வின்சர் நகரில் நற்கருணை பற்றி ஓர் இணக்க அறிக்கை வெளியிட்டனர். எனினும் திருச்சபைச் சட்டம் (எண் 844), சாவு ஆபத்து போன்ற கடும் தேவைகளில் குறிப்பிட்ட நிபந்தனைகளோடு அன்றி, பிற சபையினருக்கு நற்கருணை வழங்க அனுமதிப்பதில்லை. நாம் அவர்கள் சபையில் பெறுவதற்கும் அனுமதி இல்லை.

ஆனால் அவர் கேட்ட செபத்தின் கதை அங்கே முடியவில்லை. 2009இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், ஆங்கிலிக்கன் மரபிலிருந்து கத்தோலிக்க ஒன்றிப்பிற்குள் வரும் குழுக்கள் தங்கள் வழிபாட்டுச் செல்வத்தைக் காத்துக்கொள்ள வழிசெய்தார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அவர்களுக்கென்று தனி அமைப்புகள் ஏற்பட்டன. 2015இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய திருப்பலி நூலில், நற்கருணைக்கு முன்பு, கிரான்மரின் இந்த மன்றாட்டு இருக்கிறது. நூற்றுவர் தலைவரின் சொற்களும் இருக்கின்றன. 1556இல் கத்தோலிக்க அரசி மேரியின் ஆட்சியில் ஆக்ஸ்ஃபோர்டில் உயிரோடு எரிக்கப்பட்டவர் கிரான்மர். அவர் எழுதிய செபத்தை இன்று திருத்தந்தையோடு ஒன்றித்துள்ள குருக்கள் பீடத்தின் முன் முழந்தாளிட்டுச் சொல்கிறார்கள்.

இதை அந்தச் சகோதரியிடம் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப நான் உக்காந்த எடத்துலயே அதச் சொல்லிக்கலாமுங்களா ஃபாதர்?" என்று கேட்டார். தாராளமாகச் சொல்லுங்கம்மா என்றேன்.

இந்த ஆண்டு அவருடைய மகன் முதல் நற்கருணை பெற்றான். ஆயத்த வகுப்பில், நற்கருணைக்கு முன் என்ன சொல்வாய் என்று கேட்டபோது, நூற்றுவர் தலைவரின் சொற்களைச் சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே அம்மாவின் ஜெபத்தையும் முழுவதும் ஒப்பித்தான். ஆசிரியையாக இருந்த அருள்சகோதரி என்னைத் திரும்பிப் பார்த்தார். இருக்கட்டும் என்று தலையசைத்தேன்.