'இட்' (1927): மௌனப்படக் காதல் நகைச்சுவையில் உழைக்கும் பெண்ணின் தன்மானம்

முன்னுரை

பாரமவுண்ட் நிறுவனம் 1927ஆம் ஆண்டு வெளியிட்ட 'இட்' என்னும் அமெரிக்க மௌனப்படம், கிளாரன்ஸ் பேட்ஜரின் இயக்கத்தில் உருவானது. காண்போரைத் தன்பால் இழுக்கும் ஒருவகை ஈர்ப்பாற்றலுக்கு எலினார் கிளின் என்னும் ஆங்கில எழுத்தாளர் வழங்கிய பெயரே படத்தின் தலைப்பாயிற்று. இப்படத்தின் வழியே கிளாரா போ 'இட் கேர்ள்' எனப் புகழ்பெற்றார். ஆயினும் கதையை நகர்த்துவது அவ்வீர்ப்பு மட்டுமன்று. கூலிக்கு உழைக்கும் பெண்ணொருத்தியின் தன்மான உணர்வே என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

கதைமாந்தரும் நடிகரும்

பெரிய அங்காடியொன்றின் விற்பனைப் பெண் பெட்டி லூவாகக் கிளாரா போவும், அங்காடி முதலாளி சைரஸ் வால்தமாக மாட்ரிட்டில் பிறந்த அந்தோனியோ மொரேனோவும் நடித்துள்ளனர். முதலாளியின் நண்பர் மான்டியாக வில்லியம் ஆஸ்டின் நகைச்சுவையை வளர்க்கிறார். செல்வக்குடிப் பெண் அடிலாவாக ஜாக்குலின் காட்ஸ்டனும், பெட்டி லூவின் அறைத்தோழி மோலியாகப் பிரிசில்லா போனரும் தோன்றுகின்றனர். பின்னாளில் பெரும்புகழ் எய்திய கேரி கூப்பர் செய்தியாளராகச் சிறு வேடம் ஏற்றுள்ளார். எலினார் கிளினும் எலினார் கிளினாகவே திரையில் தோன்றுகிறார்.

1905இல் புரூக்ளினில் வறிய குடும்பத்தில் பிறந்த போ, 1921இல் இதழொன்று நடத்திய போட்டியில் வென்று திரைத்துறைக்கு வந்தவர். மொரேனோவின் இறுக்கமான மேட்டுக்குடித் தோற்றத்திற்கு எதிராக, நொடிக்கு நொடி மாறும் போவின் முகபாவம் அமைகிறது. வேலைக்கு உடுத்திய ஆடையையே வெட்டி விருந்துடையாக்கி, ரிட்ஸ் விடுதிக்குச் செல்லும் காட்சி வர்க்க வேறுபாட்டைச் சொல்லின்றி உணர்த்துகிறது.

பொய்யும் தன்மானமும்

மோலி நோயுற்றவள், வேலையற்றவள், கைக்குழந்தையின் தாய். குழந்தையைப் பிரித்தெடுக்க நலப்பணியாளர்கள் வருகின்றனர். தனக்கு வேலை உண்டு என்பதைத் துணையாகக் கொண்டு, குழந்தை தன்னுடையதே எனப் பெட்டி லூ பொய்யுரைக்கிறாள். அதனை மெய்யென நம்பிய மான்டி சைரஸிடம் தெரிவிக்கிறான். சைரஸோ அவளுக்குத் திருமணத்தை மறுத்து, அணிகலனும் வசதியும் அளித்து முறைகேடான உறவுக்கு அழைக்கிறான். அவள் அதனை ஏற்க மறுத்து வேலையையும் துறக்கிறாள்.

பார்வையாளர் முன்னரே அறிந்த உண்மை சைரஸுக்குத் தெரியாதிருப்பதே இங்கு நகைச்சுவைக்கு அடிப்படை. அதே அறியாமைதான் அவனது ஒழுக்க அளவுகோலின் இரட்டைத் தன்மையையும் வெளிப்படுத்துகிறது. அதன்பின் அவன் உல்லாசப் படகில் வேற்றுப்பெயருடன் நுழையும் பெட்டி லூ, அவனைத் திருமணம் வேண்டச் செய்து, அவ்வேண்டலையும் மறுக்கிறாள். படகு விபத்தில் நீரில் வீழ்ந்த அடிலாவைக் காப்பவளும் அவளே.

எனினும் இவ்விமர்சனத்திற்கு எல்லை உண்டு. அவதூறு பொய் எனத் தெளிந்த பின்னரே காதல் நிறைவுறுகிறது. திருமணமாகாத் தாய்க்கு அத்தகைய நிறைவு வாய்க்குமா என்னும் வினாவைப் படம் எழுப்பவில்லை. மோலியும் கதையின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறாள்.

முடிவுரை

நெடுங்காலம் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இப்படத்தின் படி 1960களில் பிராகா நகரில் கிடைத்தது. 2001இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. மீண்டு வந்த படம், 'இட் கேர்ள்' என்னும் விளம்பரத் தொடருக்குள் அடங்காத பெட்டி லூவைக் காட்டுகிறது. அவளது கவர்ச்சி முதலாளியின் பார்வையை ஈர்க்கிறது. அவனது மதிப்பீட்டைத் திருத்துவதோ அவளது மறுப்பே.