சீதாதேவி பறந்த வழி

“ஏர் சிலோன்ல போனேன் தம்பி. ரத்மலானையில ஏறி ஒரு மிட்டாய் சாப்பிட்டு முடிக்கல, பலாலி வந்திருச்சி!”

புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்க நின்றபோது ஒரு பெரியவர் சொன்னது இது. அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து மலாயா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். மகன் எழுபதுகளில் ஊர் பார்க்கப் போனது விமானத்தில்.

ஏர் சிலோன், நாட்டை விட மூத்தது. இலங்கை விடுதலை பெற்றது 1948 பிப்ரவரியில். ‘சீதாதேவி’ என்று பெயரிட்ட டகோட்டா விமானம் 1947 டிசம்பர் 10 அன்றே பறந்துவிட்டது. எங்கே? ரத்மலானை, காங்கேசன்துறை, மெட்ராஸ். மெட்ராசுக்குப் போகிற வழியே யாழ்ப்பாணத்தைத் தொட்டுத்தான் போனது. எனக்கு இந்த ஒரு வரி போதும், அந்தத் தீவு வேறு மாதிரியும் ஆகியிருக்கலாம் என்று நினைக்க. ஆனால் அடுத்த ஆண்டே மலையகத் தோட்டத் தமிழரின் குடியுரிமை போனது. நம் பேராக் ரப்பர் தோட்டக்காரர்களுக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

பிறகு ஆஸ்திரேலிய, டச்சு, பிரிட்டிஷ், பிரெஞ்சு நிறுவனங்களோடு மாறி மாறிக் கூட்டு. முடிவு 1978 செப்டம்பர் 7. புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பயணிகளை இறக்கிவிட்டு ரத்மலானையில் நின்ற அவ்ரோ விமானம் குண்டு வெடித்து எரிந்தது. யாரும் சாகவில்லை. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த ஏர் சிலோன் அதோடு எழவில்லை. 1979இல் ஏர் லங்கா வந்தது.

போரில் தரைவழி அடைபட்டபோது பலாலிக்குத் தனியார் விமானங்கள்தான் கதி. அவற்றில் ஒன்று லயன் ஏர். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய அதன் அன்டனோவ், 55 பேருடன் மன்னார்க் கடலில் விழுந்தது. பயணிகளில் பெரும்பாலோர் தமிழர். சிதைவுகள் 2012இல்தான் இரணைதீவு அருகே கிடைத்தன. பதினான்கு வருஷம் உப்புநீரில் கிடந்த துணிகளை வைத்து உறவினர் அடையாளம் தேட வேண்டியிருந்தது.

மிஹின் லங்கா கதை சின்னது: 2007இல் அரசு தொடங்கியது, பெரும்பாலும் நஷ்டத்தில் ஓடி 2016இல் நின்றது.

2019 நவம்பரில் சென்னையிலிருந்து பலாலிக்கு மறுபடி விமானம் வந்தது என்று பெரியவரிடம் சொன்னேன். இந்திய நிறுவனத்துடையது என்றும் சொன்னேன்.

“சிலோன் பிளேன் இல்லையா?” என்றார்.