எர்த் பட்டையின் வரலாறும் பயனும்

நம் சங்கத்துக் குடும்பத்தினர் அனைவரும் மட்டாஞ்சேரி ஜூ டவுன் வீதியை நன்கறிவர். 1568 ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூத ஆலயமும், 1760 இல் அதனுடன் சேர்ந்த மணிக்கூண்டும் அவ்வீதிக்கு அணிகலன்கள். மிளகும் சுக்கும் மணந்த பண்டகசாலைகள் பல இன்று பழம்பொருட் கடைகளாக மாறியுள்ளன. பித்தளை விளக்குகளையும் மரப் பெட்டிகளையும் தேடி உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். பழமையின்பால் எழுந்துள்ள இவ்வார்வம் மோட்டார் வண்டிகளையும் விட்டுவைக்கவில்லை. அம்பாஸடர், ஹெரால்டு, ஜீப் முதலிய பழைய வண்டிகளை வாங்கிப் புதுப்பிப்போர் நாட்டில் பெருகி வருகின்றனர்.

விளக்கைத் துலக்கி மாடத்தில் வைத்துவிடலாம். வண்டியோ சாலையில் ஓட வேண்டிய பொருள். அதில் மக்கள் ஏறி அமர்கின்றனர். ஆதலின், புதுப்பிக்கும்போது அழகை மட்டும் நோக்குவது போதாது. டிங்கர் வேலையும் பெயிண்ட் வேலையும் நடக்கையில், 'இது எதற்கு?' என்று கழற்றி வைக்கப்பட்டு, மீண்டும் பூட்டப்படாமலே போகும் ஒரு சிறு பொருள் உண்டு. அதுவே எர்த் பட்டை. மெல்லிய செம்புக் கம்பிகளைச் சடைபோற் பின்னித் தட்டையாக்கி, இரு முனையிலும் வளையம் வைத்த பட்டை அது. எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலும், சேஸிஸுக்கும் பாடிக்கும் இடையிலும், சில வண்டிகளில் பாடிக்கும் பானெட்டுக்கும் இடையிலும் அதனைக் காணலாம்.

ரப்பர் டயர்களின் மேல் நிற்கும் வண்டி பூமியைத் தொடுவதில்லையே, அதற்கு 'எர்த்' என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்று சிலர் வினவலாம். அப்பெயர் தந்தியிலிருந்து வந்தது. ஆதியில் தந்திக்கு இரண்டு கம்பிகள் வேண்டியிருந்தன. ஒன்று மின்சாரம் செல்வதற்கு, மற்றொன்று அது திரும்புவதற்கு. மின்சாரம் புறப்பட்ட இடத்திற்குத் திரும்பி வந்தாலன்றி வேலை செய்யாது என்பது இயற்கை விதி. ஜெர்மனியில் 1835 இல் தொடங்கப்பெற்ற நியூரம்பெர்க்–ஃபூர்த் இரயில் பாதையின் தண்டவாளங்களைத் தந்திக்குப் பயன்படுத்த இயலுமா என்று ஸ்டைன்ஹைல் என்னும் பேராசிரியர் 1838 இல் சோதித்தார். அச்சோதனையில், திரும்பும் வழியாகப் பூமியே போதும் என்று கண்டார். ஒரு கம்பி மிச்சமாயிற்று. அன்று முதல் திரும்பும் வழிக்கு 'எர்த்' என்னும் பெயர் நிலைத்தது. பூமிக்குப் பதில் இரும்புச் சட்டம் அவ்வேலையைச் செய்யும் இடத்திலும் அப்பெயரே வழங்கலாயிற்று.

இரயில்வேயில் ஊழியம் புரியும் எம்மனோர்க்கு இச்செய்தி புதிதன்று. தண்டவாளங்களை ஃபிஷ் பிளேட் வைத்துப் போல்ட் போட்டு இணைக்கின்றனர். வண்டி ஓடுவதற்கு அந்த இணைப்புப் போதும், மின்சாரத்திற்குப் போதாது. துருவும் அழுக்கும் இடையே புகுந்து தடை செய்யும். ஆகையால் ஒரு தண்டவாளத்தையும் அடுத்ததையும் கம்பியாலோ செம்புப் பட்டையாலோ பிணைப்பர். 1872 இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்ஸன் வகுத்த சிக்னல் முறையும், 1931 இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார இரயிலும் இவ்வாறு தண்டவாளத்தையே மின்சாரம் செல்லும் வழியாகக் கொண்டவை. இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருப்பது வேறு, மின்சாரத்திற்கு வழி விடுவது வேறு என்பதே இதன் பாடம். மோட்டார் வண்டிக்கும் இது முற்றிலும் பொருந்தும்.

வீட்டு எர்த்தோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. இப்பகுதியின் மின் விளக்கு வரலாற்றில் நம் யூத அயலாருக்குப் பங்குண்டு. கொச்சி எலெக்ட்ரிக் கம்பெனியை நடத்தியவர்கள் அச்சமூகத்தைச் சேர்ந்த கோடர் குடும்பத்தார். வீட்டில் மின்சாரம் வரவும் திரும்பவும் இரு கம்பிகள் உள்ளன. மூன்றாவதான எர்த், ஆபத்துக் காலத்தில் நம்மைக் காப்பதற்கு. வண்டியிலோ எர்த் என்பதே திரும்பும் வழி. அது இல்லையேல் விளக்கும் இல்லை, ஹாரனும் இல்லை.

1912 ஆம் ஆண்டு மாடல் காடிலாக் வண்டியில் கெட்டரிங் என்பார் அமைத்த செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. கையால் சுழற்றும் தொல்லை ஒழிந்தது. ஆனால் பாட்டரியிலிருந்து நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரம் சில விநாடிகளுக்குப் பாய வேண்டியதாயிற்று. பின்னர், எஞ்சினின் அதிர்வு பயணிகளை வருத்தாதிருக்க அதனை ரப்பர் மெத்தைகளின் மேல் அமர்த்தினர். 1931 இல் பிளிமத் வண்டி இதனால் புகழ் பெற்றது. ரப்பர் அதிர்வைத் தடுத்ததோடு மின்சாரத்தையும் தடுத்தது. எஞ்சினையும் சேஸிஸையும் மின்சாரத்தால் மீண்டும் இணைக்க ஒரு பாலம் தேவைப்பட்டது. கட்டியான கம்பி அதிர்வில் ஒடிந்துவிடும். ஆகவே பின்னிய பட்டையை அமைத்தனர்.

அப்பட்டை அற்றுப்போனால் என்ன நேரும்? மின்சாரம் வேறு வழி தேடும். எஞ்சினோடு இணைந்த சோக் கேபிளும் ஆக்ஸிலேட்டர் கேபிளும் இரும்புக் கம்பிகளே. நூறு ஆம்பியர் அந்த மெல்லிய கம்பிகளில் பாய்ந்தால் அவை பழுக்கக் காயும், உறை உருகும், அருகில் பெட்ரோல் குழாய் இருக்குமாயின் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. சில அங்குலப் பட்டையின்மையால் வண்டி முழுதும் தீக்கிரையாகக் கூடும்.

இனிப் பாடித் தகடுகளைப் பார்ப்போம். தமிழகத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு இதற்குச் சிறந்த உதாரணம். இங்கிலாந்தில் 1959 இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் வழிவந்தது அது. தனிச் சேஸிஸின் மேல் பாடியைப் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டுப் பூட்டுவர். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே பகுதியாக முன்புறம் கவிழ்ந்து திறக்கும். இத்தகைய அமைப்பில் தகட்டுக்குத் தகடு இடையில் ரப்பரும் பெயிண்டும் வந்துவிடுகின்றன. விளக்கின் எர்த் தனித்து நிற்கும் ஒரு தகட்டில் முடிந்தால் ஒளி மங்கும். 12 வோல்ட் கிட்ட வேண்டிய பல்புக்கு 11 வோல்ட்டே கிட்டுமாயின், வெளிச்சம் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்துவிடும். மழை இரவில் எதிரே வரும் மனிதரைக் காண்பதும் காணாமற் போவதும் அக்கால் பங்கில் இருக்கலாம்.

பானெட்டுப் பட்டைக்கு மற்றொரு வேலையும் உண்டு. தீப்பொறி தாவும்போது மின்னலைகள் எழும் என்பதை ஹெர்ட்ஸ் என்னும் அறிஞர் 1887 இல் நிறுவினார். எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளும் அவ்வாறே அலை எழுப்புகின்றன. 1930 இல் மோட்டரோலா ரேடியோ வண்டிகளில் இடம் பெற்ற காலத்தே, பாட்டினூடே 'கரகர' ஒலி பெருந் தொல்லையாயிற்று. எர்த் இல்லாத பானெட் அவ்வலைகளைப் பரப்பும் ஏரியலாகிவிடும். பட்டையால் பாடியோடு பிணைத்தால், எஞ்சினை மூடிய கவசமாகிவிடும். இரண்டாம் உலகப் போரில் வயர்லெஸ் செய்திக்கு இடையூறு நேராதிருக்க இராணுவ வண்டிகளில் தகடுகளைப் பட்டைகளால் பிணைத்தனர். அவ்வாறு செய்யப்பட்ட அமெரிக்க ஜீப்புகளின் பானெட்டு எண்ணுக்குப் பின் 'எஸ்' என்னும் எழுத்தைக் காணலாம்.

நம் கொச்சியில் உப்புக் காற்றும் நீண்ட மழைக்காலமும் பட்டைக்குப் பகைவர்கள். செம்பும் இரும்பும் ஈரத்தில் கூடினால் இரும்பு விரைந்து அரிக்கும். ஈயம் பூசிய பட்டை நல்லது என்பது இதனாலேயே. பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் பின்வருவனவற்றைக் கவனிப்பார்களாக. வேலை தொடங்குமுன் பாட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட வேண்டும். பட்டை அமரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பு தெரியச் செய்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாஸ்லின் தடவ வேண்டும். பின்னர் விளக்கை எரியவிட்டு, வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மற்றொன்றை விளக்கின் எர்த்திலும் வைத்துப் பார்க்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழி சரியில்லை என்று கொள்க. 1960களின் நடுப்பகுதி வரை இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பாஸிட்டிவ் முனையே எர்த்தாக இருந்தது. புதிய ரேடியோ பொருத்துவோர் இதனை முதலில் நிச்சயம் செய்துகொள்ளுதல் வேண்டும்.

பாடியைப் பளபளக்கச் செய்ய ஆயிரக்கணக்கில் செலவிடுவோர், அதனுள் மறைந்திருக்கும் இப்பட்டைக்குச் சிறிது நேரம் ஒதுக்குவது கடமை. வெவ்வேறு தகடுகளை ஒன்றாகப் பிணைத்து, சென்ற மின்சாரம் திரும்பி வர வழி வைப்பது அதுவே. வெவ்வேறு ஊர்களிலிருந்து இங்கு வந்து சேர்ந்துள்ள நமக்கு, பிணைப்பின் அருமையை எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?