பெருக்கல் குறி போட்ட ஊசி: கிராஸ் ஸ்டிட்ச்சின் கதை

கிராஸ் ஸ்டிட்ச் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, வரவேற்பறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் ஒரு ஜோடிக் கிளியோ, வாசலுக்கு நேரே தொங்கும் 'வெல்கம்' படமோதான். அந்த வீட்டு அத்தையோ அக்காவோ கல்யாணத்துக்கு முன்னால் தைத்தது என்று சொல்வார்கள். வருகிறவர்களும் "நல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பொழுது போகாதவர்கள் செய்கிற வேலை என்பதுதான் பொதுவான எண்ணம்.

ஆனால் ஐரோப்பாவில் இந்தத் தையலுக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் பெரும்பகுதி காலம் பெரும்பாலான பெண்களுக்கு இது பொழுதுபோக்காக இருக்கவே இல்லை! பள்ளிப் பாடமாக இருந்தது, வேலைக்காரப் பெண்ணின் தகுதிச் சான்றாக இருந்தது, சிறையில் இருந்தவர்களின் குரலாகவும் இருந்தது. மற்றவர் சொல்லிச் செய்த வேலை, ஒருவர் தானே விரும்பிச் செய்கிற வேலையாக எப்படி மாறியது என்று பார்க்கலாம்.

எண்ணத் தெரிந்தால் போதும்

எம்பிராய்டரியை இரண்டு பெரிய வகைகளாகப் பிரிக்கலாம். ஒன்று, கார்பன் தாள் வைத்துத் துணியில் பூவை வரைந்துகொண்டு, அந்தக் கோட்டின் மேல் சங்கிலித் தையலோ காம்புத் தையலோ போடுவது. இன்னொன்று, துணியில் எதுவுமே வரையாமல் இழைகளை எண்ணி எண்ணிப் போடுவது. கிராஸ் ஸ்டிட்ச் இரண்டாவது வகை. நம் ஊரில் இதற்கு மேட்டி துணி வாங்குவார்கள். நெசவிலேயே சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்தின் மூலைக்கு மூலை ஒரு சாய்வு, அதன் மேல் எதிர்ப்பக்கமாக இன்னொரு சாய்வு. அவ்வளவுதான், ஒரு பெருக்கல் குறி விழுந்துவிடும்.

புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. புள்ளியை எண்ணி வைத்தால் கோலம் தானாக வரும். அதுபோலக் கட்டத்தை எண்ணித் தைத்தால் படம் தானாக வரும். படம் வரையும் திறமை தேவையில்லை. பொறுமையும் எண்ணிக்கையும் போதும். இந்த எளிமைதான் இந்தத் தையலின் பலம். இதைச் சின்னக் குழந்தைகளின் தலையில் கட்டுவதற்கும் இந்த எளிமைதான் காரணம்.

மாதிரித் துணி

அச்சிட்ட தையல் புத்தகங்கள் இல்லாத காலத்தில் ஒரு பெண் புதிதாக ஒரு பூவையோ பார்டரையோ பார்த்தால் எங்கே குறித்து வைப்பாள்? ஒரு நீளத் துணியில் தைத்து வைத்துக்கொள்வாள். மறுபடி தேவைப்படும்போது அதைப் பிரித்துப் பார்ப்பாள். இதுதான் 'சாம்ப்ளர்' எனப்படும் மாதிரித் துணி. ஒருவகையில் அது அவளுடைய நோட்டுப் புத்தகம். 1520களில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் மாதிரிப் புத்தகங்கள் அச்சாகத் தொடங்கிய பிறகும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை.

ஆண்டு குறிக்கப்பட்ட பிரிட்டிஷ் மாதிரித் துணிகளில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது 1598-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தைத்தவர் ஜேன் பாஸ்டாக் என்ற பெண். 1596-இல் பிறந்த ஆலிஸ் லீ என்ற குழந்தைக்காகத் தைத்தது. குழந்தையின் பெயர், பிறந்த நாள், விலங்குகள், எழுத்துகள், அவற்றோடு தன் பெயர் என எல்லாவற்றையும் அவர் அதில் தைத்திருக்கிறார். லண்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இது இருக்கிறது. நாடாண்ட ராணிகளையும் பிரபுக்களையும் தவிர வேறு யாரைப் பற்றியும் அதிகம் எழுதி வைக்காத காலம் அது. ஜேனின் பெயர் நானூறு ஆண்டுகளைத் தாண்டி வந்ததற்கு அந்தத் துணி ஒன்றுதான் காரணம்.

எழுத்துகள் ஏன் வந்தன?

18-ஆம் நூற்றாண்டில் மாதிரித் துணியின் வேலை மாறியது. அது நோட்டுப் புத்தகமாக இருந்தது போய்ப் பள்ளிப் பயிற்சியாக ஆனது. ஆறேழு வயதுச் சிறுமிகள் ஆங்கில எழுத்துகள், 1 முதல் 10 வரை எண்கள், ஒரு நீதி வாசகம், கீழே தன் பெயர், வயது, ஆண்டு என்று தைத்தார்கள். பழைய துணிகள் பலவற்றில் 'ஜே', 'யூ' என்ற எழுத்துகளே இருக்காது. அந்தச் சிறுமிகள் தப்பாகத் தைத்துவிடவில்லை. 'ஐ'-யும் 'ஜே'-யும் ஒன்று, 'யூ'-வும் 'வி'-யும் ஒன்று என்று கருதிய பழைய வழக்கம் அது.

சரி, பூ தைக்க வேண்டிய இடத்தில் எழுத்துகள் எதற்கு? அதற்கு ஒரு வீட்டுக் காரணம் இருந்தது. வசதியான வீடுகளில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேஜை விரிப்பு, துண்டு என்று டஜன் கணக்கில் வெள்ளைத் துணிகள் இருக்கும். எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். சலவைக்குப் போய் வந்தால் யாருடையது, எத்தனையாவது என்று தெரிய வேண்டாமா? அதற்காக ஒவ்வொன்றின் மூலையிலும் வீட்டுக்காரரின் முதலெழுத்தையும் ஒரு எண்ணையும் சாயம் போகாத நூலில், பெரும்பாலும் சிவப்பு நூலில், கிராஸ் ஸ்டிட்ச் போட்டு வைப்பார்கள். நம் ஊர் வண்ணான் குறி போல! இந்த வேலை தெரிந்த பெண்ணுக்குப் பெரிய வீடுகளில் வேலை கிடைப்பது எளிது.

அதனால்தான் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளிலும் அநாதை இல்லங்களிலும் இது கட்டாயமாகச் சொல்லித் தரப்பட்டது. பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் முல்லர் 1836-இல் தொடங்கிய அநாதை இல்லத்துப் பெண்கள் தைத்த துணிகள் இன்று சேகரிப்பாளர்களிடம் பெரும் மதிப்புப் பெற்றவை. துணியில் இடமே இல்லாதபடி விதவிதமான அளவுகளில் எழுத்துகளும் எண்களும் சிவப்பு நூலில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். பார்க்க அழகாக இருந்தாலும், அவை வேலை தேடப் போகும் சிறுமியின் தகுதிச் சான்றுகள். 1862-இல் இங்கிலாந்தில் அரசு மானியம் பெறும் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்குத் தையல் கட்டாயப் பாடமாகவே ஆக்கப்பட்டது. பையன்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எலிசபெத்தின் துணி

இப்படிக் கட்டளைக்காகக் கற்ற கையெழுத்தை ஒரு பெண் தனக்காகப் பயன்படுத்தினாள். அவள் பெயர் எலிசபெத் பார்க்கர். 1813-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு கூலித் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவள். சுமார் 13 வயதில் குழந்தை பார்க்கும் வேலைக்காக வீட்டை விட்டுப் போனாள். பிறகு வேலை பார்த்த ஒரு வீட்டில் எஜமானன் அவளைக் கொடுமைப்படுத்தினான்.

1830 வாக்கில் அவள் ஒரு வெள்ளை லினன் துணியை எடுத்தாள். பூ இல்லை, பறவை இல்லை, பார்டர் இல்லை. சிவப்புப் பட்டு நூலில், மிகச் சிறிய கிராஸ் ஸ்டிட்ச் எழுத்துகளில், தன் கதையை வரி வரியாகத் தைத்தாள். தனக்கு எழுத வராது, அதனால் முழுமையாக நம்பக்கூடிய ஒருவரிடம் பேசுவதுபோல இதில் சொல்கிறேன் என்று தொடங்குகிறாள். பட்ட கொடுமை, உயிரை விட்டுவிடலாமா என்று வந்த எண்ணம், அதை எண்ணிப் பின்னர் பட்ட பயம் எல்லாம் அந்தத் துணியில் இருக்கின்றன. கடைசியில் தன் ஆன்மா என்ன ஆகுமோ என்று கேட்கிற வாக்கியம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே துணி வெறுமையாக இருக்கிறது.

ஒரு எழுத்துக்கு எத்தனை பெருக்கல் குறிகள், ஒரு வரிக்கு எத்தனை எழுத்துகள் என்று நினைத்துப் பார்த்தால் அந்தப் பெண்ணின் தனிமை புரியும். பேசக் கிடைத்த ஒரே வழி அவ்வளவு மெதுவானதாக இருந்தது. ஆனால் அவள் கதை அங்கே முடிந்துவிடவில்லை. எலிசபெத் பின்னாளில் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தாள், 1889 வரை உயிரோடு இருந்தாள். அந்தத் துணியும் இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

பொழுதுபோக்காக மாறிய கதை

எலிசபெத் தன் துணியைத் தைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வசதியான வீட்டுப் பெண்களிடையே வேறொரு பழக்கம் பரவிக்கொண்டிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரத்து அச்சகத்தார் சிலர், கட்டம் போட்ட தாளில் படத்தை அச்சிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் கையால் வண்ணம் தீட்டி விற்றார்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு தையல். 1840-க்குள் சுமார் 14,000 மாதிரிகள் வெளிவந்துவிட்டனவாம்! மென்மையான கம்பளி நூலில் நாய்க்குட்டி, ரோஜா, கிளி என்று செருப்பு முதல் நாற்காலி உறை வரை தைத்துத் தள்ளினார்கள். 1856-இல் வில்லியம் பெர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு கண்ணைப் பறிக்கும் நிறங்களும் சேர்ந்துகொண்டன. சொந்தக் கற்பனைக்கே இடமில்லை என்று இதைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் யாரும் சொல்லாமல், தனக்குப் பிடித்த படத்தைத் தானே தேர்ந்தெடுத்துத் தைப்பது என்பது இதன் மூலம்தான் பரவலானது.

இன்று கடையில் வாங்கும் பொருள்கள் பலவும் அந்த நூற்றாண்டின் வரவுகளே. பிரான்சின் முலூஸ் நகரில் 1746-இல் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வளர்ந்த டி.எம்.சி., பருத்தி நூலைப் பட்டுப்போல் மின்ன வைத்து விற்றது. காஸ்டிக் சோடாவில் நூலைப் பதப்படுத்தும் அந்த முறைக்கு, கண்டுபிடித்த ஜான் மெர்சரின் பெயரால் 'மெர்சரைஸ்' என்று பெயர் வந்தது. தெரேஸ் த டில்மோன் என்ற பெண் 1886-இல் வெளியிட்ட தையல் கலைக்களஞ்சியம் பல மொழிகளுக்குப் போனது. கட்டம் தெளிவாகத் தெரியும் 'ஐடா' துணி ஜெர்மனியின் ட்ஸ்வைகார்ட் நிறுவனத்திலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் கிளிப் படம் தைத்த பெரும்பாலானோர் கைக்கு வந்தது மதுரா கோட்ஸ் விற்ற 'ஆங்கர்' நூல்.

சிறையில் ஒரு ஊசி

ஸ்காட்லாந்து அரசி மேரி 1568 முதல் 1587 வரை இங்கிலாந்தில் சிறைவைக்கப்பட்டிருந்தார். அந்த நாள்களை அவர் கடத்தியது பெரும்பாலும் ஊசியோடுதான். அவர் கிராஸ் ஸ்டிட்ச்சில் போட்ட ஒரு சின்னப் படத்தில் செம்பட்டை நிறப் பூனையும் ஒரு எலியும் இருக்கின்றன. பூனை, செம்பட்டை முடிகொண்ட எலிசபெத் ராணி என்றும் எலி தான்தான் என்றும் மேரி நினைத்திருப்பார் எனப் பலர் கருதுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் விழுந்தபின், சாங்கி சிறையில் பெண்களும் ஆண்களும் தனித்தனியே அடைக்கப்பட்டார்கள். எத்தல் மல்வேனி என்ற கனடா நாட்டுப் பெண்ணின் யோசனைப்படி, ஒவ்வொரு பெண்ணும் ஒரு சதுரத் துணியில் தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றை எம்பிராய்டரி போட்டுத் தன் பெயரையும் தைத்தாள். மருத்துவமனை நோயாளிகளுக்கு என்று சொல்லி, 66 சதுரங்கள் கொண்ட மூன்று போர்வைகள் தயாராயின. ஜப்பானியக் காயம்பட்டோருக்கும் ஒன்று ஒதுக்கியதால் அனுமதி கிடைப்பது எளிதாயிற்று. ஆனால் ஒவ்வொரு பெயரும் அடுத்த பக்கத்தில் இருந்த கணவர்களுக்குச் சொன்ன சேதி ஒன்றுதான்: உயிரோடு இருக்கிறேன்.

அதே காலத்தில் கிரீட் தீவில் பிடிபட்ட பிரிட்டிஷ் மேஜர் அலெக்சிஸ் காஸ்டாக்லி, ஜெர்மானிய முகாமில் 1941 டிசம்பரில் ஒரு கிராஸ் ஸ்டிட்ச் துணியைத் தைத்து முடித்தார். பார்டரில் புள்ளியும் கோடுமாக ஓர் அலங்காரம். ஜெர்மானியர்களுக்கே அது பிடித்துப்போய் நான்கு முகாம்களில் காட்சிக்கு வைத்தார்களாம். அந்தப் புள்ளியும் கோடும் மோர்ஸ் குறிகள் என்று யாரும் கவனிக்கவில்லை. அதில் இருந்தது பிரிட்டிஷ் மன்னருக்கு ஒரு வாழ்த்து, ஹிட்லருக்கு அச்சில் போட முடியாத ஒரு திட்டு!

இன்றைய கைகள்

இன்று கிராஸ் ஸ்டிட்ச் போடுகிறவர்களுக்கு என்று சில பழக்கங்கள் உண்டு. துணியை நான்காக மடித்து நடுப்புள்ளி கண்டுபிடித்து அங்கிருந்துதான் தொடங்குவார்கள். ஆறு இழை நூலில் பெரும்பாலும் இரண்டு இழையை மட்டும் பிரித்தெடுப்பார்கள். முனை மழுங்கிய ஊசிதான் வேண்டும். மேல் சாய்வுகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருக்க வேண்டும். முடிச்சுப் போடாமல், நூல் நுனியைத் தையலுக்கு அடியிலேயே செருகிவிடுவார்கள். எண்ணிக்கையில் ஒரு கட்டம் தவறினால் பத்து வரி தள்ளித்தான் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே பிரிப்பார்கள், மறுபடி தைப்பார்கள். தெரிந்தவர்கள் முதலில் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள்!

இதில் என்ன சந்தோஷம்? ஒரு மணி நேரம் தைத்தால் ஒரு கிளியின் மூக்கு வரும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் மனது எண்ணிக்கையிலேயே இருக்கும், வேறெங்கும் ஓடாது. காலையில் இல்லாத ஒரு மூக்கு மாலையில் கண்ணுக்குத் தெரியும்.

ரோசிகா பார்க்கர் 1984-இல் எழுதிய எம்பிராய்டரி வரலாற்று நூலில், பெண்ணை அடக்கமாக உட்கார வைக்கப் பயன்பட்ட அதே தையலைப் பெண்கள் தங்களைச் சொல்லவும் பயன்படுத்தினார்கள் என்று காட்டினார். ஜேன் முதல் சாங்கிப் பெண்கள் வரை பார்த்தால் அது சரி என்றே தோன்றுகிறது. கூடவே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பொழுதுபோக்கு என்ற சொல் லேசாகத் தெரிந்தாலும், அது பலருக்குக் காலம் கடந்து கிடைத்த ஒன்று. இன்று விரும்பி ஊசியை எடுப்பவருக்கு, அலுத்தால் அதைக் கீழே வைத்துவிடும் உரிமையும் இருக்கிறது. பிரிஸ்டல் இல்லத்துச் சிறுமிகளுக்கு அந்த உரிமை இல்லை.