நினைவகக் குறைவும் வினவல் முறைகளின் வரலாறும்

1970-இல் எட்கர் காட் உறவுநிலைத் தரவு மாதிரியை முன்வைத்தபோது, பயனர் தமக்கு வேண்டியதைச் சொன்னால் போதும், அதைத் தேடியெடுக்கும் வழியைக் கணினியே வகுத்துக்கொள்ளும் என்ற கருத்து பிறந்தது. ஆனால் அவ்வழியை வகுக்க வேண்டிய கணினிகளின் நினைவகமோ மிகச் சிறியதாக இருந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வோங்கும் இன்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்கிய காலத்தில், பிடிபி-11/40 கணினியில் ஒரு நிரல் ஒரே சமயத்தில் கையாளக்கூடிய நினைவகப் பரப்பு 64 கிலோபைட்டுதான் என்பதால், முழு மென்பொருளையும் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து ஓட்ட வேண்டியிருந்தது. தரவு இருக்கட்டும், நிரலுக்கே அங்கு இடம் போதவில்லை.

வினவலில் நினைவகத்தை மிகுதியாகக் கேட்பது இணைப்பு, அதாவது இரு அட்டவணைகளில் பொருந்தும் வரிகளைச் சேர்த்தெடுக்கும் செயல். ஐபிஎம்மின் ஆய்வுத் தரவுத்தளமான சிஸ்டம் ஆர் இதற்கு இரு வழிகளைக் கைக்கொண்டது: ஓர் அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் மற்றதைத் தேடிப் பார்ப்பது ஒன்று, இரண்டையும் வரிசைப்படுத்தி இணையாக நடத்திச் செல்வது மற்றொன்று. முதல் வழிக்குச் சிறிதளவு நினைவகம் போதும், ஆனால் வட்டைத் திரும்பத் திரும்பப் படிக்க நேரிடும்.

மூன்றாவது வழி டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தெளிவாக உருப்பெற்றது. மசாரு கிட்சுரெகாவாவும் உடன் ஆய்வாளர்களும் 1983-இல் வெளியிட்ட கிரேஸ் திட்டத்தில், ஒவ்வொரு வரியின் இணைப்பு மதிப்பையும் ஹாஷ் சார்பு எனும் கணக்கீட்டுக்கு உட்படுத்தி, அதன் விடைக்கேற்ப இரு அட்டவணைகளையும் பல பகுதிகளாக வட்டில் பிரித்து எழுதினர். சம மதிப்புகள் தவறாமல் ஒத்த பகுதிகளிலேயே விழுவதால், பின்னர் ஒரு சமயத்தில் ஒரு சோடிப் பகுதிகளை மட்டும் எடுத்து இணைத்தால் போதும். தரவுத்தளத்துக்கெனத் தனி வன்பொருள் செய்யும் முயற்சிக்காகவே இம்முறை வகுக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது, ஏனெனில் அத்தகைய இயந்திரங்கள் வழக்கொழிந்தன, முறையோ பொதுக் கணினிகளில் நிலைத்துவிட்டது. 1984-இல் டேவிட் டிவிட் முதலியோர், மீந்த நினைவகத்தில் முதல் பகுதியை வட்டுக்கு அனுப்பாமலே வைத்துக்கொள்ளும் கலப்பு முறையைச் சேர்த்து, சிறிய அட்டவணையின் பக்கங்களின், அதாவது வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே ஒருசேர நகரும் தரவுத் தொகுதிகளின், எண்ணிக்கைக்கு ஏறத்தாழ வர்க்கமூல அளவான நினைவகம் போதும் என்று காட்டினர். 10,000 பக்கங்களுக்குச் சற்றேறக்குறைய 100 பக்க இடம் என்பது அக்காலத்தில் சிறிய ஆதாயமன்று.

கோட்ஸ் கிரேஃபின் வல்கனோ அமைப்பு வேறு பக்கத்திலிருந்து சிக்கனம் தேடியது: வினவலின் ஒவ்வொரு செயலும் தனக்குக் கீழுள்ள செயலிடம் ஒரு சமயத்தில் ஒரு வரியை மட்டும் கேட்டு வாங்குவதால், வரிசைப்படுத்தல் போன்று எல்லா வரிகளுக்கும் காத்திருக்க வேண்டிய செயல்களைத் தவிர மற்றவற்றில் இடைநிலை விடைகளைச் சேமிக்கத் தேவையில்லை. நினைவகம் மலிந்த பின்னரும் இக்கவலை நீங்கவில்லை, இடம் மாறியது. ஆம்ஸ்டர்டாமில் உருவான மோனெட்டிபி தரவுத்தளம் இடைநிலை விடைகளை முழுப் பத்திகளாகவே நினைவகத்தில் எழுதிவந்தது; 2005-இல் பீட்டர் போன்சும் குழுவினரும் விவரித்த எக்ஸ்100 என்ற வினவல் இயந்திரம் அவற்றை ஆயிரம் மதிப்புகள் அளவிலான துண்டுகளாக்கி, செயலியின் தற்காலிகச் சேமிப்பகமான கேஷுக்குள் அடங்கச் செய்தது.