நிலநடுக்கமும் மனிதக் குறையும்

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள். பிற்பகல் இரண்டு மணி கடந்து சில நிமிடங்கள் ஆகியிருந்தன. வட பீகாரும் நேபாளமும் குலுங்கின. ஏறக்குறைய 8 அளவுடைய அந்த நிலநடுக்கத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். கங்கைக் கரையில் உள்ள முங்கேர் நகரம் இடிபாட்டுக் குவியலாயிற்று. வட பீகாரின் வயல்களைப் பிளந்துகொண்டு நீரும் மணலும் பீறிட்டன.

ஒன்பது நாள்கள் கழிந்தன. தீண்டாமை ஒழிப்புக்காக நாடெங்கும் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், ஜனவரி 24 அன்று நமது திருநெல்வேலியில் பேசினார். பீகாருக்கு உதவுமாறு மக்களைக் கேட்டுக்கொண்ட அவர், அந்தப் பேரிடர் நம் பாவங்களுக்காக இறைவன் அனுப்பிய தண்டனை என்றே தாம் நம்புவதாகக் கூறினார். அப்பாவங்களுள் தலையாயது தீண்டாமை என்பது அவர் கருத்து. தம்மை மூடநம்பிக்கைக்காரர் என்று அழைத்தாலும் கவலையில்லை என்றார்.

இதைப் படித்த இரவீந்திரநாத் தாகூர் வேதனையடைந்தார். தீண்டாமையை எதிர்ப்பதில் அவர் காந்தியடிகளுக்குச் சற்றும் பின்வாங்கியவர் அல்லர். எனினும், இயற்கையின் நிகழ்ச்சிகளுக்கு இயற்கையிலேயே காரணம் தேட வேண்டும் என்று மறுப்பு எழுதினார். காந்தியடிகள் அம்மறுப்பை மறைக்கவில்லை. தமது ‘ஹரிஜன்’ இதழில் 1934 பிப்ரவரி 16 அன்று அதை வெளியிட்டு, தமது பதிலையும் உடன் அச்சிட்டார்.

இரு பெரியோரும் பேசியது நிலநடுக்கத்தைப் பற்றி மட்டுமா? இல்லை. மனிதன் ஏன் மனிதனைத் தாழ்த்துகிறான், அக்குறைக்கு வேர் எங்கே, அது எவ்வாறு நீங்கும் என்பனவே அவ்வாதத்தின் அடியில் கிடந்த கேள்விகள். மனிதக் குறையைப் பாவம் என்று கண்டு விளக்குவது சமய நம்பிக்கையின் வழி. அறியாமையின் விளைவு என்றும், அறிவு வளர வளர அது தேயும் என்றும் சொல்வது முன்னேற்றத்தில் நம்பிக்கை கொண்டோரின் வழி. இரண்டில் எது சரி?

இக்கேள்வி 1934இல் புதிதாகப் பிறந்ததன்று. அதற்கு 179 ஆண்டுகளுக்கு முன்பே, ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், வேறொரு நிலநடுக்கம் இதே கேள்வியை எழுப்பியது. முதலில் அங்கே செல்வோம்.

லிஸ்பன், 1755

நவம்பர் 1ஆம் நாள், புனிதர் அனைவரின் திருநாள். போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில் காலை வழிபாட்டுக்காகத் தேவாலயங்கள் நிரம்பி வழிந்தன. ஒன்பதரை மணிக்குச் சற்றுப் பின்னர் நிலம் அதிர்ந்தது. கூரைகள் வழிபடுவோர் தலைமீதே விழுந்தன. உயிர் தப்பியோர் ஆற்றங்கரைத் திறந்தவெளிக்கு ஓடினர். அங்கே கடல் அலை எழுந்து வந்து அவர்களை வாரிக்கொண்டது. திருநாளுக்காக ஏற்றிய மெழுகுவத்திகளும் வீட்டு அடுப்புகளும் மூட்டிய தீ, நாள்கணக்கில் எரிந்தது. பல்லாயிரம் பேர் மாண்டனர்.

இறைபக்தியில் பெயர்பெற்ற நகரம், திருநாள் அன்று, வழிபாட்டு நேரத்தில் ஏன் அழிய வேண்டும்? ஐரோப்பாவே இக்கேள்வியைக் கேட்டது. மூன்று விதமான விடைகள் கிடைத்தன.

முதல் விடை, கபிரியேல் மலக்ரிடா என்னும் ஏசு சபைத் துறவியுடையது. 1756இல் அவர் வெளியிட்ட சிறு நூலில், அழிவுக்குக் காரணம் இயற்கை அன்று, லிஸ்பன் மக்களின் பாவமே என்று அடித்துக் கூறினார். குடிசை கட்டுவதையும் இடிபாடு அகற்றுவதையும் விடத் தவமும் மன்றாட்டுமே முதற்கடமை என்றார்.

இரண்டாம் விடை ரூசோவுடையது. 1756 ஆகஸ்டில் வால்டேருக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரு புதிய கருத்தைச் சொன்னார். ஆறேழு மாடி உயரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளை ஓரிடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையன்று, மனிதன். பரவலாக, எளிய வீடுகளில் வாழ்ந்திருந்தால் சேதம் குறைந்திருக்கும். அதாவது, நாகரிகம் எனும் முன்னேற்றமே குறைகளை விளைவிக்கிறது என்பது அவர் துணிபு.

மூன்றாம் விடை சொற்களில் அமையவில்லை, வினாக்களில் அமைந்தது. அரசரின் அமைச்சரும் பின்னாளில் பொம்பால் பிரபு எனப் பட்டம் பெற்றவருமான செபாஸ்தியான் கர்வால்யு, நாட்டின் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு வினாப்பட்டியல் அனுப்பச் செய்தார். அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது? எந்தத் திசையில் வலுத்திருந்தது? எத்தனை வீடுகள் விழுந்தன? எத்தனை பேர் இறந்தனர்? கடல் முதலில் உள்வாங்கியதா, உயர்ந்ததா? தரையில் பிளவுகள் தோன்றினவா? நிலநடுக்க ஆய்வியலின் தொடக்கங்களுள் ஒன்றாக இப்பட்டியலை அறிஞர்கள் மதிக்கின்றனர். ஒன்றைக் கவனியுங்கள். இவ்வினாக்களுக்கு விடை எழுதியோர் பங்குக் குருமார்களே! கண்டதை அளந்து எழுதுவதற்கு அவர்களுடைய சமய நம்பிக்கை தடையாக நிற்கவில்லை.

நகரமும் புதிதாக எழுந்தது. அகலமான நேர்த்தெருக்கள் அமைந்தன. சுவர்களுக்குள் மரச்சட்டங்களைப் பின்னிக் கூண்டுபோல் அமைத்து, அதிர்ச்சியைத் தாங்கும் வீடுகளைக் கட்டினர். மாதிரி அமைப்பைச் சுற்றிப் படைவீரர்களை நடக்கச் செய்து அதன் உறுதியைச் சோதித்ததாகவும் சொல்வர்.

இத்துடன் கதை முடிந்திருந்தால், முன்னேற்றமே வென்றது என்று எழுதிவிடலாம். ஆனால் வரலாறு அவ்வளவு எளிதன்று.

பகுத்தறிவின் கையில் தீப்பந்தம்

பொம்பாலும் மலக்ரிடாவும் பகைவர்களாயினர். 1758இல் அரசர்மீது நடந்த கொலை முயற்சியைத் தொடர்ந்து, பிரபுக் குடும்பமான தாவொராக்கள் மறு ஆண்டு கொடூரமாகக் கொல்லப்பட்டனர். மலக்ரிடா சிறைப்பட்டார். எழுபது வயதைக் கடந்து, சிறையில் மனம் கலங்கிப்போன அந்த முதியவரைச் சமய விசாரணை மன்றத்திடம் ஒப்புவித்தனர். மன்றத்தின் தலைவர் பொம்பாலின் சொந்தச் சகோதரர். 1761 செப்டம்பர் 21 அன்று, லிஸ்பனின் நடுச்சதுக்கத்தில் மலக்ரிடாவின் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தனர். நிலநடுக்கத்தைப் பகுத்தறிவால் அணுகிய அமைச்சர், தம் எதிரியை ஒழிக்கச் சமயத்தின் பழைய தீயையே பயன்படுத்தினார்.

அதே செப்டம்பரில் அவருடைய அரசு ஒரு சட்டம் இயற்றியது. கடல் கடந்து போர்ச்சுகல் மண்ணுக்குக் கொண்டுவரப்படும் அடிமைகள் இனி விடுதலை பெறுவர் என்றது அச்சட்டம். நல்ல சட்டந்தான். ஆனால் அவரே நிறுவிய வாணிகக் கம்பெனிகள் ஆப்பிரிக்க மக்களைக் கப்பலேற்றிப் பிரேசிலில் இறக்கிக்கொண்டிருந்தன. பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888இல்தான்.

ஆக, அறிவு வளர்ந்தால் குறை தானே தேயும் என்ற எண்ணம் லிஸ்பனிலேயே பொய்த்தது. அறிவு சுவரை உறுதியாக்கியது, உள்ளத்தை உறுதியாக்கவில்லை. மலக்ரிடாவின் விளக்கம் மட்டும் வென்றதா? அதுவும் இல்லை. பாவமே காரணம் என்றால், அன்று தேவாலயத்தில் மண்டியிட்டிருந்த குழந்தை செய்த பாவம் என்ன?

மீண்டும் 1934

தாகூரும் ஏறக்குறைய இதையே கேட்டார். பீகாரில் இறந்தோரில் குழந்தைகளும் இருந்தனர். தீண்டாமைக்கு ஆளான மக்களும் இருந்தனர். கொடுமை செய்தோர் எங்கோ நலமாக இருக்க, கொடுமைக்கு ஆளானோரைக் கொன்று பாடம் புகட்டும் ஆட்சியாளனை நாம் நாகரிகமுள்ளவன் என்போமா? அவ்வாறாயின் இறைவனைவிட மனிதனே நெறியில் உயர்ந்தவன் ஆகிவிடுவானே என்றார்.

மற்றோர் எச்சரிக்கையும் செய்தார். இயற்கைப் பேரிடரை நெறிக்குச் சான்றாக்கினால், அச்சான்றை எதிரியும் எடுத்துக்கொள்வான். தீண்டாமையை ஒழிக்க முயன்றதால்தான் தெய்வம் சினந்தது என்று பழமைவாதிகள் சொன்னால் அதை எவ்வாறு மறுப்பது?

காந்தியடிகளின் பதிலிலும் ஓர் உண்மை இருந்தது. பாவத்துக்கும் பேரிடருக்கும் உள்ள தொடர்பைத் தம்மால் மெய்ப்பிக்க இயலாது, உள்ளத்தால் உணர்கிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். தம் நம்பிக்கை தவறாக இருப்பினும், தம்மைத் தூய்மை செய்துகொள்ளவும் மேலும் உழைக்கவும் அது தூண்டும் என்றார். பிறர் பாவத்தை மட்டும் சுட்டும் விரல் அன்று அது. ‘நாம் செய்த பாவம்’ என்று தம்மையும் சேர்த்துக்கொண்ட விரல்.

நிலநடுக்கத்தின் காரணத்தை அறிவியல் பின்னர் தெளிவாக்கியது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினர் களத்தில் ஆராய்ந்து 1939இல் விரிவான அறிக்கை வெளியிட்டனர். இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியத் தட்டின் அடியில் நெருக்குகிறது. பல்லாண்டுகளாகச் சேரும் அழுத்தம் ஒரு நாள் விடுபடும்போது இமயத்தின் அடிவாரம் நடுங்குகிறது என்பதை இன்று நாம் அறிவோம். நீர் ஊறிய வண்டல் மண் அதிர்வில் குழம்பாகி இளகியதால்தான் மணலும் நீரும் பீறிட்டன. தீண்டாமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அத்தட்டு நகர்ந்தே தீரும்.

தீண்டாமை? அதை எந்த நிலநடுக்கமும் அசைக்கவில்லை. 1927இல் மகாத் குளத்தில் நீர் அருந்தி உரிமை நாட்டிய அம்பேத்கரும், அவரைப் போன்று போராடிய எண்ணற்ற எளிய மக்களும், 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவுமே அதை அசைத்தன. அதுவும் முழுமையாக அன்று. 2004 டிசம்பர் 26 அன்று நம் கரையைச் சுனாமி தாக்கியது. அலை சாதி பார்க்கவில்லை. ஆனால் அலை வடிந்த பின், நாகப்பட்டினம் மாவட்டத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் நிவாரணத்திலும் ஒதுக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. 2007இல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அமைந்தது. கடலின் அசைவை அறிந்து சொல்லக் கருவி உண்டு. முகாமில் ஒருவனைத் தள்ளி உட்காரச் சொல்லும் கையை நிறுத்த எந்தக் கருவி உண்டு?

எது விளக்கம்?

சமய நம்பிக்கை மனிதனைப் பார்த்து, ‘குறை உன்னிடம் இருக்கிறது’ என்கிறது. அது மெய். ஆனால் அக்குறைக்கு இடிந்த சுவரைச் சாட்சியாக அழைக்கும்போது தவறுகிறது. அறிவியல், ‘சுவர் ஏன் இடிந்தது’ என்று சொல்கிறது. அதுவும் மெய். ஆனால் சுவரைத் திருத்தியதாலேயே மனிதனைத் திருத்திவிட்டோம் என்று அது இறுமாந்தால், பொம்பாலின் நிலைதான்.

பிறர் குறையை மட்டும் விளக்கும் கொள்கை, எந்தப் பெயரில் வந்தாலும், பாதி விளக்கமே. மலக்ரிடா ஊரின் பாவத்தை எண்ணினார். ரூசோ நகரத்தின் பிழையை எண்ணினார். பொம்பால் மூடநம்பிக்கையின் பிழையை எண்ணினார். தம் குறையையும் கணக்கில் சேர்த்து, தம்மை மறுத்தவரின் எழுத்தையும் தம் இதழிலேயே அச்சிட்டவர் காந்தியடிகள். அவர் சொன்ன காரணம் தவறு. அவர் நடந்துகொண்ட முறை சரி. மறுப்புக்கு இடம் தருவதுதானே அறிவியலின் முறையும்?

லிஸ்பனின் குருமார்களுக்கு அனுப்பிய வினாப்பட்டியல் அந்நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. நிலத்தைப் பற்றிய வினாக்கள் அதில் உண்டு. எத்தனை பேர் இறந்தனர் என்று கேட்டவர்கள், காப்பாற்றப்படாமல் விடப்பட்டோர் யார், ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த பேரிடருக்குப் பின் பட்டியல் எழுதப்போகும் மாணவர்கள் அந்த வினாவையும் சேர்த்துக்கொள்ளட்டும்.